கழுவிய கிடாரமும் கடைப்பந்தியும்

திருவிழா முடிந்த மறுநாட் காலை வகுப்பறையில் வரவு இடாப்பை விரித்துப் பெயர்களை வாசித்தேன். பாதிப் பெயர்களுக்கு மறுமொழி இல்லை. வந்திருந்தவர்களிலும் சிலர் முகம் வாடி மேசையில் தலை சாய்த்திருந்தனர். "சேர், இரவு முழுக்கச் சத்தியும் வயிற்றோட்டமும்" என்றான் ஒருவன். "எங்கடை ஒழுங்கை முழுக்க அப்படித்தான் சேர்" என்றாள் இன்னொருத்தி. எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. முதல்நாள் ஊர் முழுவதும் ஒரே இடத்திலேதான் சாப்பிட்டிருந்தது.

பாடசாலை விட்டதும் அன்னதான மண்டபத்துக்குச் சென்றேன். கிடாரங்கள் சாம்பலும் புளியுமிட்டு விளக்கப்பட்டு, வெயிலிற் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மிஞ்சிய சோறும் கறியும் பின்வளவிற் குழி தோண்டிப் புதைக்கப்பட்டுவிட்டன. மண்டபமெங்கும் மஞ்சள் நீர் தெளிக்கப்பட்டிருந்தது. பரிபாலன சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னை அருகழைத்து, "மாஸ்டர், இதைப் பெரிசுபடுத்தாதையுங்கோ. கோயிலின்ரை பேர் கெட்டுப்போம்" என்றார். அவர் கொடியவரல்லர். முதல்நாள் கொளுத்தும் வெயிலில், வெறுங்காலுடன் நின்று பந்தி பரிமாறியவர். தாம் ஒரு தடயத்தை அழித்துவிட்டதாக அவர் கனவிலும் கருதியிருக்கமாட்டார். கோயிலைச் சுத்தப்படுத்தியதாகவே கருதினார்.

மாலைக்குள் குற்றவாளியும் அகப்பட்டுவிட்டார். விறகு கொத்தவும் பாத்திரம் கழுவவும் நாட்கூலிக்கு அழைக்கப்பட்ட ஒரு மனிதர். "கண்டவர்களையெல்லாம் மடப்பள்ளிப் பக்கம் விட்டால் இப்படித்தான் வரும்" என்ற பேச்சு ஒரு வாயிலிருந்து மறு வாய்க்குத் தாவியது. அவருடைய சாதி என்னவென்பதை இம்மண்ணிற் பிறந்த வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஊரின் பெயரையோ கோயிலின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. இது ஓர் ஊரின் குற்றமன்று. தேர்த் திருவிழாவாயினும் கலியாண வீடாயினும் பாடசாலை விருந்தாயினும், கூடியுண்ட மக்கள் கூட்டமாக நோயுறும்போது நமது சமுதாயம் செய்வது மூன்றே காரியங்கள். முதலிற் கழுவுகிறது. பின்னர் மறைக்கிறது. இறுதியில், எளியவர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பழி சுமத்துகிறது. இம்மூன்றையும் மானத்தின் பெயராலும் ஆசாரத்தின் பெயராலுமே செய்கிறது. இவ்வழக்கத்துக்கு எதிராகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

✽

வேறென்ன செய்யலாம் என்று கேட்போர்க்கு எண்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு விருந்தை எடுத்துக்காட்டுகிறேன். 1940 ஏப்ரல் 18ஆந் திகதி, அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து ஒஸ்வேகோ மாவட்டத்திலே, சிறு கிராமமொன்றின் தேவாலயத்தில் ஓர் இராப்போசனம் நடைபெற்றது. எண்பது பேரளவிற் கலந்துகொண்டனர். உணவுகளிற் பெரும்பாலானவை வீடுகளிற் சமைத்துக் கொண்டுவரப்பட்டவை. நமது ஊர் விருந்துக்கும் அதற்கும் அடிப்படையில் வேற்றுமையில்லை. இரவே பலர் வாந்தியெடுத்து வயிற்றோட்டத்தால் வருந்தினர்.

சுகாதார அதிகாரிகள் வந்தனர். அவர்கள் யாரையும் குற்றஞ்சாட்டவில்லை, கேள்வி கேட்டனர். 75 பேரைக் கண்டு பேசினர். அவர்களில் 46 பேர் நோயுற்றிருந்தனர். என்ன உண்டீர், எப்போது உண்டீர், எப்போது நோய் கண்டது என நோயுற்றவரிடம் வினவியது போலவே நோயுறாதவரிடமும் வினவினர். இங்கேதான் விஞ்ஞான நோக்கின் நுட்பம் இருக்கிறது. நோயாளியை மட்டும் கேட்டால் எல்லா உணவும் குற்றவாளியாகத் தோன்றும். நலமாயிருப்பவனையும் கேட்டாற்றான் உண்மை வெளிப்படும்.

பன்றித்தொடை இறைச்சியை உண்டவர்களில் 63 வீதத்தினர் நோயுற்றிருந்தனர். அதை உண்ணாதவர்களிலும் 59 வீதத்தினர் நோயுற்றிருந்தனர். ஆகவே இறைச்சி குற்றமற்றது. வனிலா ஐஸ்கிறீமின் கணக்கோ வேறு. அதை உண்ட 54 பேரில் 43 பேர் நோயுற்றிருந்தனர்; உண்ணாத 21 பேரில் 3 பேரே நோயுற்றிருந்தனர். ஒரு கரும்பலகையில் எழுதிக் காட்டத்தக்க இந்தக் கணக்கு, குற்றவாளி எதுவென்பதைச் சொல்லிவிட்டது. எஞ்சியிருந்த ஐஸ்கிறீமைச் சோதித்தபோது அதிலே ஸ்ரபிலோகொக்கஸ் என்னும் பற்றீரியா பெருவாரியாகக் காணப்பட்டது. ஐஸ்கிறீமுக்கான கலவை முதல்நாளே தயாரிக்கப்பட்டு, தேவாலயத்து நிலவறையில் ஓர் இரவு முழுவதும் வைக்கப்பட்டிருந்தது. அதைத் தயாரித்தவர்கள் அவ்வூர்ச் சகோதரிகள் இருவர். அவர்களில் ஒருவரின் மூக்கிலும் தொண்டையிலும் இதே பற்றீரியா இருந்தது.

இச்செய்தியின் இரண்டு படிப்பினைகள் நமக்கு முக்கியமானவை. முதலாவது, எஞ்சிய உணவு எறியப்படாமல் இருந்தமையாற்றான் ஐயம் உறுதியாயிற்று. இரண்டாவது, கிருமி வாழ்ந்த இடம் விருந்துக்கு உணவு செய்து தந்த அவ்வூர்ப் பெண்மணி ஒருவரின் மூக்கு. வெளியார் எவரும் அதைக் கொண்டுவரவில்லை. கிருமிக்குக் குலங்கோத்திரம் தெரியாது. அது அந்தணர் கையிலும் இருக்கும், அடிமட்டத் தொழிலாளி கையிலும் இருக்கும், இக்கட்டுரையாசிரியன் மூக்கிலும் இருக்கும்.

✽

இந்த வழியை நாமும் பின்பற்றினோம். உயர்தர வகுப்பு மாணவர் சிலர் கொப்பிகளுடன் ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்றனர். யார் எதை உண்டார், எத்தனையாம் பந்தியில் உண்டார், எப்போது சத்தி வந்தது என்று குறித்து வந்தனர். உணவுவகைகள் எல்லார்க்கும் பொதுவாயிருந்தபடியால் அந்த நிரல்கள் எதையும் காட்டவில்லை. ஆனால் பந்தியின் நிரலை நிரப்பியபோது மாணவர்களே திகைத்துப்போனார்கள். முதலிரு பந்திகளில் உண்டோர் அநேகமாக நலமாயிருந்தனர். கடைசிப் பந்திகளில் உண்டோரே கூட்டங்கூட்டமாக நோயுற்றிருந்தனர்.

முதற்பந்தியில் அமர்ந்தோர் யாவர்? உபயகாரர், பரிபாலன சபையினர், அவர்தம் சுற்றத்தார், உத்தியோகத்தர், என் போன்ற ஆசிரியர். கடைப்பந்தியில் அமர்ந்தோர் யாவர்? வெயிலிலே வீதியிற் காத்துநின்ற கூலி மக்கள், ஒடுக்கப்பட்ட குடியிருப்புகளைச் சேர்ந்தோர், தாய்மாரின் கைபிடித்து வந்த பிள்ளைகள். சோறோ விடியுமுன் வடிக்கப்பட்டு, ஓலைப்பாயிற் குவித்து, வெள்ளை வேட்டியால் மூடிவைக்கப்பட்டிருந்தது. முதற்பந்திக்கு அது சுடுசோறு. கடைப்பந்தி அமர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி.

அந்த மணித்தியாலங்களில் ஒரு சோற்றுக் குவியலினுள்ளே என்ன நிகழக்கூடும் என்பதை விஞ்ஞானம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அரிசியிலே இயல்பாகவே காணப்படும் பசில்லஸ் சீரியஸ் என்னும் பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு ஆறத் தொடங்கி, 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் அவை முளைவிட்டுப் பெருகுகின்றன. பெருங்குவியலின் நடுப்பகுதி பல மணிநேரம் இளஞ்சூட்டிலேயே இருக்கும். அதைவிட உவப்பான விளைநிலம் அவற்றுக்கு வேறில்லை. அவை சுரக்கும் நஞ்சுகளில் வாந்தியை உண்டாக்குவது சூட்டுக்கு அழியாதது. ஸ்ரபிலோகொக்கசின் நஞ்சும் அத்தகையதே. ஆகவே மீண்டும் சூடாக்கினாற் பழுது தீர்ந்துவிடும் என்பது வீண் நம்பிக்கை. மணத்தாலும் சுவையாலும் இவற்றைக் கண்டுகொள்ளவும் முடியாது. சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அறைவெப்பத்தில் வைத்திருக்கலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் வலியுறுத்துவது இதனாலேயே.

அப்படியாயின் அன்று நடந்தது இதுதானா? உறுதியாகச் சொல்ல எங்களால் இயலவில்லை. மூன்றாம் நாள் வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு நாங்கள் காட்டக்கூடியதாயிருந்தவை பளபளக்கும் கிடாரங்கள் மட்டுமே. ஒரு பிடி சோறு எஞ்சியிருந்தால் ஆய்வுகூடம் விடை சொல்லியிருக்கும். அந்தக் கூலித் தொழிலாளியின் பெயரும் துடைக்கப்பட்டிருக்கும். கோயிலின் பெயரைக் காக்கக் கழுவியவர்கள், ஓர் ஏழையின் பெயரைக் காக்கக்கூடிய ஒரே சாட்சியையும் சேர்த்தே கழுவிவிட்டனர். அவரும் கடைப்பந்தியிலேயே உண்டவர். அவர் வீட்டுப் பிள்ளையும் வைத்தியசாலையிற் சேலைன் ஏற்றப்பட்டுக் கிடந்தது. அதன் பின் எந்தக் கோயிலிலிருந்தும் அவருக்கு அழைப்பு வரவில்லை. நோயுற்றவர்கள் எல்லாரும் எழுந்து நடமாடுகிறார்கள். இழந்த கூலியும் இழந்த மதிப்பும் அவருக்கு இன்னும் மீளவில்லை.

✽

இங்கே ஆசாரம் என்னும் சொல்லைச் சற்று உரசிப் பார்ப்போம். நமது மடப்பள்ளிகளில் யார் நுழையலாம், யார் நுழையலாகாது என்பதற்கு நூற்றெட்டு விதிகள் உண்டு. நுழைந்தவர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவினாரா, விரலிற் புண் உண்டா, நேற்று அவருக்கு வயிற்றோட்டம் இருந்ததா என்று கேட்பதற்கு ஒரு விதியேனும் உண்டா? துடக்கு பார்க்கிறோம், கிணற்றைப் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் பாறைகளின் வெடிப்புகளூடாக ஓடுவது. ஒரு வளவின் மலக்குழிக்கும் அடுத்த வளவின் கிணற்றுக்கும் அப்பாறை வேலி போடாது. நிலத்தின் மேலே சாதிவேலி போட்டவர்கள், நிலத்தின் கீழே எல்லாரும் ஒரே நீரைத்தான் குடிக்கிறோம் என்பதை மறந்துவிட்டனர். ஆசாரம் மனிதரைப் பிரித்தது, கிருமியைப் பிரிக்கவில்லை.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியது. தேநீர்க்கடைகளின் கதவுகள் போராட்டத்தாலேயே திறந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற்றது. வாசலைத் தாண்டி உள்ளே வரும் உரிமைக்காக நம் முன்னோர் அடிபட்டனர். இன்று வாசல் பல இடங்களிலும் திறந்திருக்கிறது. பந்தி திறந்திருக்கிறதா? கடைசியில் வா, கிடைத்ததைத் தின், நோய் வந்தால் பழியையும் நீயே சும என்னும் நியதி இருக்கும்வரை அந்தப் போராட்டம் முடிந்துவிட்டதென நான் ஒப்பமாட்டேன்.

✽

மறுப்போர் கூறும் நியாயங்களையும் கேட்போம்.

"இறைவன் பிரசாதம் நஞ்சாகுமா?" என்பர் சிலர். பிரசாதம் ஆவதற்கு முன் அது சோறு. சோற்றுக்குரிய விதிகள் அதற்கும் உரியன. பக்தியுள்ளவன் அடியார் வயிற்றில் இடும் சோற்றை இன்னும் கவனமாக அல்லவா காக்க வேண்டும்?

"இது எதிரிகளின் சதி" என்பர் வேறு சிலர். சதியென்றே வைத்துக்கொள்வோம். 2018 டிசம்பரிலே கர்நாடகத்துச் சாமராஜநகர் மாவட்டத்தில் ஒரு மாரியம்மன் கோயிலிற் பிரசாதம் உண்ட 17 பேர் இறந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். உணவிலே பூச்சிகொல்லி நஞ்சு கலந்திருந்ததை ஆய்வுகூடச் சோதனையே வெளிப்படுத்தியது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் முதன்மையானவர் கோயில் நிருவாகத்திற் பெரும் பதவி வகித்தவரேயன்றி ஊர்ப்பகைவர் எவருமல்லர். சதியை நிரூபிக்கவும் சோறு வேண்டும். கிடாரத்தைக் கழுவுகிறவன், சதிகாரன் இருந்தால், அவனுக்கும் துணைபோகிறான்.

"அறிவித்தால் அதிகாரிகள் வந்து அன்னதானத்தையே நிறுத்திவிடுவார்கள்" என்பது மூன்றாவது நியாயம். சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்களல்லர். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு இந்நாட்டின் குழந்தைகளைக் காத்துவந்த அமைப்பு அது. வெசாக் காலத்துத் தன்சல்களை அவர்கள் பதிவுசெய்து பரிசோதிக்கிறார்கள், தன்சல்கள் அழிந்துவிட்டனவா? உணவு நஞ்சாதல் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்று. அறிவிப்பதற்கு ஆய்வுகூட முடிவு வேண்டியதில்லை. வைத்தியருக்கு ஐயம் எழுந்தாலே போதும். ஐயத்தை உரிய இடத்திற் சொல்வது அவதூறன்று. ஐயத்தை ஒழுங்கையிற் பரப்பி ஓர் ஏழையின் தலையில் இறக்குவதுதான் அவதூறு.

நம்மவர்களிலும் சிலர் "அன்னதானமே நிலப்பிரபுத்துவப் பகட்டு, அது ஒழிந்தால் நல்லது" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களோடும் நான் உடன்படவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே எத்தனை அடுப்புகள் எரியாதிருந்தன என்பதை ஆசிரியர்கள் பிள்ளைகளின் முகத்திற் கண்டோம். காலையுணவின்றி வந்து ஒன்றுகூடலில் மயங்கி விழுந்த மாணவனுக்குத் தேர்த்திருவிழாச் சோறு பகட்டன்று. கையில் அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்த மணிமேகலையைப் படிப்பிக்கிறவன் நான். அவளுடைய பாத்திரம் சிறைக்கோட்டத்துக்கும் சென்றது. காயசண்டிகையின் தீராப் பசியையும் தீர்த்தது. அதில் முதற்பந்தி, கடைப்பந்தி இருக்கவில்லை. அன்னதானம் வேண்டும். அது பாதுகாப்பான உணவாகவும் சமமான உணவாகவும் இருக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

✽

ஆகவே செய்ய வேண்டியவை எவை?

நோய் கண்டவுடன் முதற்கடமை உயிர் காப்பது. "தண்ணி குடுத்தால் இன்னும் போகும்" என்று நீரை மறுக்கும் பேதைமை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. 1971இல் வங்காள அகதி முகாமொன்றிலே, சேலைன் தீர்ந்துபோன நிலையில், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார் வைத்தியர் திலீப் மகலனோபிஸ். முகாமில் 30 வீதமளவிலிருந்த மரணம் 4 வீதத்துக்குக் கீழ் இறங்கியது. ஜீவனிப் பொதியை அதிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்குக. மலத்தோடு இரத்தம் போனாலும், சிறுநீர் நின்றாலும், மயக்கங் கண்டாலும், நோயுற்றவர் குழந்தையோ முதியவரோ கருவுற்றவரோ ஆனாலும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

இரண்டாவது கடமை சாட்சியைக் காப்பது. பந்தியை உடனே நிறுத்துக. மிஞ்சிய ஒவ்வோர் உணவிலும் சிறிதளவை எடுத்துச் சுத்தமான மூடிய பாத்திரத்திற் குளிரில் வைக்குக. பரிசோதகர் வரும்வரை கிடாரங்களைக் கழுவற்க. அன்றே அவருக்கு அறிவிக்க. உண்டவர் பட்டியலைத் தயாரிக்க, நலமாயிருப்பவரையும் சேர்த்து.

மூன்றாவது, அடுத்த திருவிழாவுக்கு முன்னே செய்ய வேண்டியது. கிணற்றுக்குக் குளோரின் இடுவிக்க. மடப்பள்ளி வாசலிற் சவர்க்காரமும் ஓடும் நீரும் வைக்க. ஒரே தடவையில் மலைபோல வடிக்காமல், பந்திக்குப் பந்தி வடிக்க. இதற்கு விறகும் வேலையாளும் சற்று அதிகம் வேண்டும். வாணவேடிக்கையிற் குறைத்தால் அந்தச் செலவு வந்துவிடும். பந்தியில் வரிசை வந்தவர் வரிசையாக இருக்கட்டும். முதலிடம் யாருக்கேனும் உண்டென்றால் அது குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உரியது.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: அடுப்படியில் நிற்பவருக்கு வாய் வேண்டும். 2013 ஜூலை 16ஆந் திகதி பீகாரின் சரண் மாவட்டத்துக் கிராமப் பாடசாலையொன்றில் மதியவுணவு உண்ட 23 பிள்ளைகள் இறந்தனர். சமையல் எண்ணெயிலே பூச்சிகொல்லி கலந்திருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமையற்காரப் பெண் சொல்லியும், அதைக் கொண்டே சமைக்குமாறு பணிக்கப்பட்டார் என்பது அன்று வெளிவந்த செய்தி. கிடாரத்துக்கு மிக அருகில் நிற்பவர் மிக ஏழையாயிருப்பார். முதலிற் காண்பவரும் அவரே. "இந்தச் சோறு வேண்டாம்" என்று அவர் சொன்னால், அதைப் பரிபாலன சபை கேட்க வேண்டும். நோய் வந்தபின் அவர்மேல் விரல் நீட்டும் நாம், நோய் வருமுன் அவர் சொல்லைக் கேட்டோமா?

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! நோயின் முதலை நாடச் சொன்ன வள்ளுவரை நாம் பரீட்சைக்குப் படிக்கிறோம், படிப்பிக்கிறோம். அந்த நாடலை ஊருக்குள் நடத்துவதற்கு ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் கேட்கத் துணிந்த இரு மாணவரும் போதும். எங்கள் மாணவர் வரைந்த அட்டவணையைப் பரிபாலன சபைக்குக் கொண்டுசென்றோம். பெரியவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசிப் பந்தி" என்று மட்டும் மெல்லச் சொன்னார். வரும் ஆண்டு சோற்றை மூன்று தடவையாக வடிப்பதென்று சபை தீர்மானித்திருக்கிறது. அந்தத் தொழிலாளியை மீண்டும் அழைப்பது பற்றியோ, பந்தி வரிசையை மாற்றுவது பற்றியோ இன்னும் தீர்மானமில்லை. அதையும் கேட்பதற்காக, அதே அட்டவணையோடு, நாங்கள் மறுபடியும் போவோம்.